மலாயாக் கடுதாசி

எங்கள் ஊர் வீட்டுக் கூடத்தில் வரிசையாக ஏழு படம் மாட்டியிருக்கும். ஆறு படத்துக்குச் சந்தனம், குங்குமம், பிளாஸ்டிக் மாலை, சீரியல் பல்பு எல்லாம் உண்டு. கடைசியில் ஓரமாக இருக்கிற ஏழாவது படத்துக்கு மட்டும் 1987 வரைக்கும் ஒரு பொட்டுகூட வைத்ததில்லையாம். படத்தில் இருப்பவர் அப்பாவோட தாத்தா. 1937-ல் மலாயாவுக்குப் போனவர். திரும்பி வரவில்லை. செத்த சேதியும் வரவில்லை. கல்யாணமாகி வந்த புதுசில் ஆயுதபூஜைக்கு எல்லாப் படத்துக்கும் பூ வைத்த எங்க அப்பாயி, தெரியாமல் இதுக்கும் ஒரு சரம் வைத்துவிட்டது. "உசுரோட இருக்கறவன் படத்துக்கு எவடி பூவு வெச்சது?" என்று கொள்ளுப்பாட்டி போட்ட சத்தத்தை இப்பவும் நடித்துக் காட்டும்.

கொள்ளுப்பாட்டி கடைசி வரைக்கும் தாலியைக் கழட்டவில்லை, பொட்டை அழிக்கவில்லை. 1987-ல் அது செத்தபோது தாத்தா ரெண்டு பேருக்கும் சேர்த்துக் கருமாதி பண்ணினார். அன்றைக்குத்தான் ஏழாவது படத்துக்கு முதல் குங்குமம்.

மலாயாத் தாத்தா என்ன ஆனார் என்பதற்குச் சொந்தத்தில் ரெண்டு கதை. அவரோட அண்ணன் வீட்டுக் கதை: "அங்கயே ஒரு பொம்பளையச் சேத்துக்கிட்டு குடும்பமாயிட்டான், இங்க எதுக்கு வர்றான்?" எங்க தாத்தாவோட கதை: நேதாஜி பட்டாளத்தில் சேர்ந்து சண்டையில் செத்தார். அப்பன் முகமே ஞாபகமில்லாத பிள்ளை இப்படித்தான் சொல்லும், தப்பில்லை. ரெண்டுக்கும் ஆதாரம் கிடையாது. சின்ன வயசில் எனக்கு நேதாஜி கதைதான் பிடிக்கும். ஸ்கூலில் சொல்லிக்கொள்ள வசதி :-)

இதையெல்லாம் தோண்டவேண்டிய அவசியம் எனக்கு வந்தது பாசத்தால் இல்லை, பட்டாவால். எங்களுக்கு ஒரு ஏக்கர் இருபது சென்ட் கொல்லை இருக்கு. மூணு தலைமுறையாக உழுவது நாங்கள், தீர்வை கட்டுவது நாங்கள், பட்டா மட்டும் இன்னும் மலாயாத் தாத்தா பேரில். போர் போட பாங்கில் லோன் கேட்கலாம் என்று 2024-ல் அப்பா பட்டா மாறுதலுக்கு அலைந்தார். இறப்புச் சான்று கொண்டு வாங்க, வாரிசுச் சான்று கொண்டு வாங்க என்றார்கள். எங்கே செத்தார், எப்போ செத்தார், செத்தாரா என்றே தெரியாத மனுஷனுக்கு எந்த ஊரில் போய் இறப்புச் சான்று வாங்குவது? இருந்திருந்தால் நூற்றுப் பத்து வயசுக்கு மேல். அந்தக் கணக்கைச் சொன்னாலும் கவுன்ட்டரில் யாரும் சிரிக்கவில்லை.

வக்கீல் ஒரு வழி சொன்னார். ஏழு வருஷமாக, தகவல் தெரிந்திருக்க வேண்டியவர்களுக்குக்கூட ஒருத்தரைப் பற்றி எந்தத் தகவலும் இல்லை என்றால், அவர் உயிரோடு இருக்கிறார் என்று சொல்பவர்தான் அதை நிரூபிக்கணும். பழைய சாட்சியச் சட்டத்தில் 108-வது பிரிவு, 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த புதுச் சட்டத்தில் 111-வது பிரிவு. சிவில் கோர்ட்டில் விளம்புகை வழக்குப் போட்டு, இறந்ததாகக் கருதி உத்தரவு வாங்கலாம். ஆனால் அதுக்குக் கடைசியாக எப்போ தகவல் வந்தது என்று காட்ட ஏதாவது காகிதம் வேணும். "கடுதாசி, மணியார்டர் ரசீது, எது இருந்தாலும் சரி. அப்புறம் பங்காளி வழியில வயசான ஒருத்தர் சாட்சி சொன்னா ரொம்ப நல்லது" என்றார்.

எங்கள் வீட்டில் இருந்தது அந்த ஒரு படம் மட்டும்தான்.

பெரியப்பா ஒருத்தர் இருக்கார். மலாயாத் தாத்தாவோட அண்ணனின் பேரன். எழுபது வயசு. அவர் அந்தக் கோடையில் பழைய ஓட்டு வீட்டை இடித்துத் தார்சு போட்டார். பரணில் இருந்து இறக்கிய தகரப் பெட்டியைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடுவதற்கு முன்னால், "நீ இந்த மாதிரிக் குப்பையெல்லாம் சேக்கறவனாமே, வந்து பாத்துட்டுப் போ" என்று போன் பண்ணினார். நான் சனிக்கிழமை பெங்களூரில் பஸ் ஏறினேன்.

பெட்டிக்குள் தீர்வை ரசீதுகள், ஒரு பஞ்சாங்கம், கரையான் தின்ற சுவடி மாதிரி ஏதோ, அதுக்கு அடியில் ஒரு கம்பி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. அந்தக் காலத்தில் வருகிற கடிதத்தை எல்லாம் ஒரு கொக்கிக் கம்பியில் குத்திச் சேர்த்து விட்டத்தில் மாட்டி வைப்பார்கள். முதல் கடிதம் அடியில், கடைசிக் கடிதம் மேலே. (கம்ப்யூட்டர் சயின்ஸ்காரங்க சிரிக்காதீங்க, ஸ்டாக்தான்.) அந்தக் கம்பியில் 17 கடிதம், 31 மணியார்டர் கூப்பன், ரெண்டு மூணு உறை. எல்லாம் மலாயாவில் இருந்து வந்தவை. எல்லாம் அண்ணன் பேருக்கு.

பெரியப்பா அதைப் படித்திருப்பாரா என்று இன்றுவரைக்கும் எனக்குத் தெரியாது. துடைத்து, ஒரு மஞ்சப்பையில் போட்டு, கையில் கொடுத்தார்.

படிக்கிறது லேசில்லை. புள்ளி கிடையாது, சொல்லுக்குச் சொல் இடம் விடுவது கிடையாது, எகர ஏகார வித்தியாசம் கிடையாது. ணை, லை, னை எல்லாம் 1978-ல் சீர்திருத்துவதற்கு முந்தைய யானைத் தும்பிக்கை வடிவம். தேதி போடுகிற இடத்தில் ௵, ௴, ௳ என்று வருஷம், மாசம், நாளுக்கான குறிகள். (இதுக்கெல்லாம் யூனிகோடில் இடம் இருக்கு. எட்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருக்கேன், ௵-வை முதல் தடவையா உபயோகப்படுத்தியது இதுக்குத்தான்.) ரெண்டு வாரம் ராத்திரி ராத்திரி ஸ்கேன் பண்ணிப் பெரிசாக்கி, தெரிந்த வார்த்தையை வைத்துத் தெரியாத எழுத்தைப் பிடித்தேன். "இவ்விடம் க்ஷேமம், அவ்விடம் க்ஷேமத்துக்கு எழுதவும்" என்ற ஒரே வரி 17 கடிதத்திலும் வருது. அதுதான் என்னோட அரிச்சுவடி.

வருஷக் கணக்கு இன்னொரு கூத்து. அறுபது வருஷத்துக்கு ஒரு தடவை அதே பேர் திரும்ப வரும். அறுபதால் வகுத்து மீதியை மட்டும் எழுதி வைத்த மாதிரி. ஒய்2கே பிரச்சினையை நம்ம ஆட்கள் எப்பவோ கண்டுபிடித்துவிட்டார்கள். "அவரு தாது வருசம் கப்பலேறுனாரு" என்று அப்பாயி சொல்வதைக் கேட்டு, அப்பா ரொம்ப நாள் தாது வருஷப் பஞ்சத்தில் போனவர் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அந்தத் தாது 1876. இது அடுத்த தாது, 1936-37. கடிதத்தில் ஈஸ்வர வருஷம் சித்திரை என்று இருக்கிறதுதான் முதலாவது, அதாவது 1937 ஏப்ரல் மே. நான் பொறந்தது அதுக்கும் அடுத்த தாது.

மலாயாவில் எந்த ஊர் என்றே வீட்டில் யாருக்கும் தெரியாது. "மலாயா"தான் ஊர் பேர். கடிதத்தில் தோட்டத்தின் பேர் இருக்கு, ஆனா துரை பேரோ என்னவோ, தமிழில் நசுங்கி என்னால் கண்டுபிடிக்க முடியாத மாதிரி இருக்கு. உறையில் முத்திரை அழிந்து போயிருந்தது. காப்பாற்றியது ஸ்டாம்ப். 1935 வாக்கில் இருந்து மலாயாவில் சிலாங்கூர், பேராக் என்று மாநிலத்துக்கு மாநிலம் தனி ஸ்டாம்ப் வந்தது. எங்க உறையில் இருந்ததில் ஒரு பள்ளிவாசல் படம். சிலாங்கூர் ஸ்டாம்ப், கிள்ளான் அரண்மனைப் பள்ளிவாசல். அப்புறம் முத்திரையைத் திரும்பப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் கிள்ளான் என்ற பேரின் முதல் ரெண்டு இங்கிலீஷ் எழுத்தும் தெரிந்தது. எண்பத்தேழு வருஷமாக "மலாயா" என்று இருந்தது ஒரு ராத்திரியில் கிள்ளான் ஆனது. அப்பாவை எழுப்பிச் சொன்னேன். "கிள்ளானா? வடிவேலு காமெடில வர்ற பேரு மாதிரி இருக்கு"ன்னு திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கூடத்துப் படத்தையும் சட்டத்தைப் பிரித்து ஸ்கேன் பண்ணினேன். பின்னால் தோட்டமும் மாடிப்படியும் வரைந்த திரை, பக்கத்தில் பூ ஜாடி வைத்த முக்காலி, கோட்டு, ஷூ. கோட்டு தோளை விட்டுத் தொங்குது. ஷூவும் ரெண்டு சைஸ் பெரிசு. எல்லாமே ஸ்டூடியோ சாமான். வீட்டுக்கு அனுப்புகிற படத்தில் துரை மாதிரி இருக்கணும் என்று எல்லாரும் வாடகைக் கோட்டு போட்டுக்கொண்ட காலம். ஆனா கை மட்டும் வாடகை இல்லை. பெரிசாக்கிப் பார்த்தால் விரல் நகங்களைச் சுற்றி ஒரு கறை. பால் மரம் வெட்டுகிறவர்கள் கையில் அந்தப் பால் காய்ந்து கறுப்பது போகவே போகாது என்பார்கள். அதுவா, இல்லை பழைய பிரிண்டில் விழுந்த பூஞ்சையா என்று பந்தயம் கட்டமாட்டேன்.

அவர் போன விதம் கடிதங்களில் துண்டு துண்டாக இருக்கு. கங்காணி கூட்டிப் போனது, நாகப்பட்டினத்தில் டிப்போவில் தங்கியது, ராஜூலா கப்பல், பினாங்கு வந்ததும் தீவில் நிறுத்தி வைத்து அம்மை பார்த்தது (அது ஜெரெஜாக் தீவாக இருக்கணும், நோய்த்தடுப்புக் காவல் அங்கேதான்). இந்திய அரசாங்கம் இப்படி உதவிச் செலவில் கூலிக்கு ஆள் அனுப்புவதை 1938-ல் நிறுத்திவிட்டது. ஒன்றரை வருஷம் தாமதித்திருந்தால் அவர் அப்படிப் போயிருக்கவே முடியாது.

சம்பளம் நாளைக்கு 50 காசு என்று எழுதுகிறார். அதாவது அரை வெள்ளி. மாசம் 26 பெரட்டுக்கும் தவறாமல் போனால் 13 வெள்ளி. அப்போ மலாயா வெள்ளிக்கு ஒன்றரை ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே. ஆக இருபது ரூபாய். கூப்பன்களை எக்ஸெல்லில் போட்டுப் பார்த்தேன். பெரும்பாலான மாசம் பத்து ரூபாய், சில மாசம் எட்டு, தீபாவளிக்குப் பதினைந்து. பாதிச் சம்பளம் ஊருக்கு வந்திருக்கு. கம்பியில் மிச்சமிருப்பது மட்டும் 31 மாசம். "அங்க ஒருத்தியச் சேத்துக்கிட்டான்" என்கிற கதை எனக்கு முதலில் ஆட்டம் கண்டது இந்த எக்ஸெல் ஷீட்டில்தான். மிச்சப் பாதிச் சம்பளத்தில் இன்னொரு குடும்பம் நடத்த முடியாது என்று நான் சொல்லவில்லை. நடத்துகிறவன் தீபாவளிக்குப் பதினைந்து அனுப்பமாட்டான் என்று எனக்குத் தோணுது, அவ்வளவுதான்.

இன்னொன்று. 1939 வரைக்கும் கடிதமெல்லாம் அழகான ஒரே கையெழுத்து. கிராணியோ, எழுதத் தெரிந்த யாரோ எழுதியது. அதுக்கப்புறம் கையெழுத்து மாறுது. கோணல், எழுத்துப் பிழை, வரி மேலே ஏறி இறங்குது. அவரே எழுத ஆரம்பித்துவிட்டார்! கைநாட்டாகக் கப்பல் ஏறின மனுஷன், இருபத்தொம்பது முப்பது வயசுக்கு மேலே லயத்தில் உட்கார்ந்து எழுதக் கற்றுக்கொண்டிருக்கார். ஏன்? அடுத்தவர் கையால் எழுத முடியாதது ஏதோ இருந்திருக்கணும்.

1941 வைகாசிக் கடிதத்தில் மூணு வரியை மை போட்டு அடித்திருக்காங்க. யுத்தகால சென்சார். அடித்த வரிக்கு முன்னால் "இங்கே மூணு வாரமாய் வேலைக்கு இறங்கவில்லை" என்று இருக்கு. பின்னால் "நான் சுகம், பயப்பட வேண்டாம்". நடுவில் கறுப்பு. அந்த வருஷம் மார்ச்சில் இருந்து மே வரைக்கும் கிள்ளான் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர்கள் பெரிய வேலைநிறுத்தம் பண்ணினார்கள். சீனத் தொழிலாளிக்குக் கொடுக்கிற கூலி எங்களுக்கும் வேணும் என்பது முக்கியக் கோரிக்கை. துரை எதிரில் வந்தால் சைக்கிளை விட்டு இறங்கமாட்டோம் என்பதும் அதில் ஒன்று. தலைவர் ஆர்.எச். நாதனைக் கைது செய்து நாடு கடத்தினார்கள், பட்டாளம் இறங்கியது, துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் செத்தார்கள். எங்க தாத்தாகிட்ட சைக்கிள் இருந்ததா தெரியாது. அந்த மூணு வரியைத் தெரிந்துகொள்ள ஸ்கேனரில் எல்லா ஒளியும் போட்டுப் பார்த்துவிட்டேன். சென்சார்காரன் தொழில் சுத்தம்.

இப்போ கடைசிக் கடிதம். விஷு வருஷம் ஐப்பசி. 1941 அக்டோபர் நவம்பர். அவரோட கோணல் கையெழுத்து. நான் பிழை திருத்தி, சொல் பிரித்துக் கொடுக்கிறேன்:

"நம்ம கொல்லைக்கு மேற்கே இருக்கிற கிணத்துக் கொல்லை விலைக்கு வருவதாய் எழுதியிருந்தீர்கள். ஊருக்கு வருகிறவர் கையில் 150 ரூபாய் கொடுத்தனுப்பியிருக்கிறேன். அந்தக் கொல்லையைப் பையன் தாயார் பேருக்கே கிரயம் முடிக்கவும். என் பேர் வேண்டாம். என் இருப்பு இப்படி. அவள் கையில் ஒரு கிணறு இருக்க வேண்டும். இந்தக் கடுதாசியை அவளைக் கூப்பிட்டு வைத்து வாசித்துக் காட்டவும்."

கிணத்துக் கொல்லை யாருகிட்ட இருக்கு என்று ஊரில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். பெரியப்பாகிட்ட. அந்தக் கிணத்துத் தண்ணிக்கு எங்க வீட்டுக்கும் அவங்க வீட்டுக்கும் நடந்த சண்டையைத் தனிப் பதிவாகத்தான் எழுதணும். எங்க கொல்லைக்குத் தண்ணி வேணும்னா அவங்க இறைத்து முடித்து, அவங்க மனசு வைத்து, வாய்க்கால் மடை திறந்தால்தான். கொள்ளுப்பாட்டி ராத்திரி ரெண்டு மணிக்கு முறைத்தண்ணிக்காக அரிக்கேன் விளக்கோடு மடையில் உட்கார்ந்திருக்கும் என்று அப்பாயி சொல்லும்.

இணையத்தில் எங்க ஊருக்கு வில்லங்கம் 1975-ல் இருந்துதான் கிடைத்தது. அதுக்கு முந்தையதுக்கு நேரில் மனு. ரெண்டு மாசம் கழித்துக் கிரயப் பத்திரத்தோட நகல் வந்தது. எழுதிய தேதி 1941 டிசம்பர் 12, வெள்ளிக்கிழமை. கிரயம் 145 ரூபாய் ரொக்கம். வாங்கியவர், மலாயாத் தாத்தாவோட அண்ணன். நாலு எல்லையில் "கிழக்கே" என்ற இடத்தில் எங்க மலாயாத் தாத்தா பேரைப் போட்டு அவர் புஞ்சை என்று எழுதியிருக்கு.

பத்திரத்தில் பணம் எங்கிருந்து வந்தது என்று எழுதமாட்டார்கள். அந்த 150 வந்து சேர்ந்ததற்கு என்னிடம் சாட்சி இல்லை. அண்ணனும் கையில் காசு இல்லாதவர் இல்லை. அப்புறம் அந்தத் தேதியையும் பார்க்கணும். டிசம்பர் 8-ஆம் தேதி ஜப்பான்காரன் கோத்தபாருவில் இறங்கிவிட்டான். தம்பி திரும்புவானா என்று தெரியாத நாலாவது நாள் எழுதிய பத்திரம் அது. இருபது சொச்சம் வயசுப் பொம்பளை பேரில் சொத்தை எழுதினால் நாளைக்கு என்ன ஆகுமோ, குடும்பச் சொத்தாக என் பேரிலேயே இருக்கட்டும் என்று அவர் நினைத்திருக்கலாம். நல்ல எண்ணமாகவே இருந்திருக்கலாம். ஆனா வாசித்துக் காட்டவும் என்று எழுதியிருந்ததே, அதுக்குப் பத்திரச் செலவு எதுவும் இல்லையே.

கொள்ளுப்பாட்டிக்குப் படிக்கத் தெரியாது. மலாயாக் கடுதாசி வந்தால் அண்ணன் வீட்டுத் திண்ணையில் வைத்து வாசிப்பார்கள், கொள்ளுப்பாட்டி வாசலுக்குக் கீழே நின்று கேட்கும். இதை மாமியா வாயாலேயே அப்பாயி கேட்டிருக்கு.

அப்பாயிக்கு இப்போ 84 வயசு. கண் மங்கல், காது கணீர். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கட்டிலில் உட்காரவைத்து 17 கடிதத்தையும் வரிசையாகப் படித்தேன். நடுவில் தூங்கிவிடும் என்று நினைத்தேன். தூங்கவில்லை. கடைசிக் கடிதம் முடிந்ததும் ரொம்ப நேரம் வெற்றிலையை மடிக்காமல் கையிலேயே வைத்திருந்தது.

"அந்த வரியை இன்னொரு தடவை படி சாமி."

படித்தேன்.

"பையன் தாயார் பேருக்கேன்னா எழுதியிருக்கு?"

"ஆமா அப்பாயி."

"எங்க மாமியா இதைக் கேட்டதில்ல. கேட்டிருந்தா எங்கிட்டச் சொல்லியிருக்கும். உப்பு வாங்குன கணக்குக்கூடச் சொல்லும்." அப்புறம் வெற்றிலையை மடித்தபடி, "கிணறு கெடக்குது கழுத. நெனச்சிருக்கான்னு தெரிஞ்சிருந்தாப் போதாதா அதுக்கு?"

1942-க்கு அப்புறம் என்ன நடந்தது என்பதற்குக் காகிதம் இல்லை. கோலாலம்பூர் ஜனவரி 11-ல் விழுந்தது, சிங்கப்பூர் பிப்ரவரி 15-ல். தபால் நின்றது. யுத்தம் முடிந்து பக்கத்து ஊர்க்காரர் ஒருத்தர் கப்பலில் திரும்பி வந்து, "சயாமுக்கு ரயில் ரோடு போட லாரியில ஏத்திட்டுப் போனாங்க, நான் ரப்பர் காட்டுக்குள்ள ஒளிஞ்சு தப்பிச்சேன், அவன் போயிட்டான்" என்று கொள்ளுப்பாட்டியிடம் சொன்னாராம். "போயிட்டான்னா லாரியிலயா, உசுராயா?" என்று கொள்ளுப்பாட்டி கேட்டிருக்கு. அவர் பதில் சொல்லவில்லை. அண்ணன் வீட்டில் அதைக் கள்ளுக்கடைப் பேச்சு என்று தள்ளிவிட்டார்கள்.

சயாம் - பர்மா ரயில் பாதை 415 கிலோமீட்டர். 1942-ல் ஆரம்பித்து 1943 அக்டோபரில் முடித்தார்கள். சினிமா எல்லாம் வெள்ளைக்காரக் கைதிகளைப் பற்றி. அவர்கள் சுமார் 60,000 பேர், செத்தவர்கள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் அதைவிடப் பல மடங்கு, ரெண்டு லட்சத்தை ஒட்டி மதிப்பிடுகிறார்கள். மலாயாத் தோட்டத் தமிழர்கள் அதில் பெரிய கூட்டம். காலராவிலும் பட்டினியிலும் செத்த ஆசியர்கள் 90,000 வரைக்கும் இருக்கும் என்கிறார்கள். எல்லாமே மதிப்பீடுதான், ஏன்னா யாரும் பேர் எழுதி வைக்கவில்லை.

இந்த வித்தியாசம் எனக்கு உறைத்தது ஒரு தேடல் பெட்டியில். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் தளத்தில் காஞ்சனபுரி கல்லறையைத் தேடினால் ஏழாயிரத்தை ஒட்டிக் கல்லறைகள். பேர், வயசு, படைப்பிரிவு, எந்த வரிசையில் எந்தக் கல் என்பது வரைக்கும் வருது. அப்பா அம்மா பேர்கூடச் சில பேருக்கு இருக்கு. பக்கம் பக்கமாக நகர்த்திக்கொண்டே போனேன். பத்தொன்பது வயசு, இருபத்திரண்டு வயசு. பாவம், அவனுங்களும் யாரோ பெத்த பிள்ளைங்கதான். எங்க தாத்தாவை அங்கே தேட முடியாது என்று தெரியும். தெரிந்தும் பேரை இங்கிலீஷில் நாலு விதமான ஸ்பெல்லிங்கில் போட்டுப் பார்த்தேன். பூஜ்யம் முடிவுகள்.

சரி, கோர்ட்டுக்கு வருவோம். வக்கீல் கேட்ட "கடைசித் தகவல்" என்பதற்கு எங்ககிட்ட ரெண்டு காகிதம் இருக்கு. ஒன்று அந்த ஐப்பசிக் கடிதம். இன்னொன்று நவம்பர் 1941 தேதி போட்ட பத்து ரூபாய் மணியார்டர் கூப்பன். கடிதத்தைத் தாக்கல் பண்ணினால் கிணத்துக் கொல்லையும் சேர்ந்து கோர்ட்டுக்கு வரும். அந்தக் கொல்லையைக் கேட்டு வழக்குப் போட முடியுமா என்று நான் விசாரித்தேன் (விசாரிக்காமல் இருக்க நான் மகாத்மா இல்லை). எண்பது வருஷத்துக்கு மேல் அவங்க அனுபவத்தில் இருக்கு, காலாவதிச் சட்டத்தில் நிற்காது என்று வக்கீல் சிரித்தார். அப்பா ஒரே வார்த்தையில் முடித்தார்: "கூப்பனைக் குடு."

ஆனா சாட்சி சொல்லப் பொருத்தமான பங்காளி யார்? பெரியப்பாதான். மடியில் கடிதத்தை ஒளித்துக்கொண்டு அவரைச் சாட்சிக்குக் கூப்பிட எனக்கு ஒப்பவில்லை. அப்பாவிடம் சொல்லாமல் ஒரு நகல் எடுத்துக்கொண்டு போனேன். புது வீட்டு வாசலில் டைல்ஸ் தரையில் உட்கார்ந்திருந்தார்.

"கடுதாசியில எதாச்சும் இருந்துச்சா தம்பி?"

"இருந்துச்சு பெரியப்பா." நான் பிரித்து எழுதின தாளைக் கொடுத்தேன்.

கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு படித்தார். மெதுவாகப் படிக்கிறவர். உதடு அசைவதில் எந்த வரியில் இருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. முடித்ததும் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். உள்ளே பார்த்து, "தம்பிக்குக் காப்பி போடு" என்றார். காப்பி வந்து, குடித்து, டம்ளரை வைக்கிற வரைக்கும் பேச்சில்லை.

"கோர்ட்டுக்கு என்னிக்கு வரணும்?"

தேதி சொன்னேன். வந்தார். வெள்ளை வேட்டி கட்டி, கூண்டில் நின்று, "எங்க சின்னத் தாத்தா மலாயாவுக்குப் போனவரு, 1941-க்கு அப்புறம் எந்தத் தகவலும் இல்லை" என்று சொல்லிவிட்டு இறங்கினார். கிணற்றைப் பற்றி அவரும் பேசவில்லை, நாங்களும் பேசவில்லை. இந்தக் கோடையில் எங்க கொல்லைக்கு ரெண்டு தடவை கேட்காமலே மடை திறந்திருந்தது. அது கடிதத்தாலா, இல்லை அவர் இந்தப் போகம் எதுவும் போடாததாலா, கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. வழக்கில் உத்தரவு இன்னும் வரவில்லை. வாய்தா அடுத்த மாசம்.

கடைசியாக உங்ககிட்ட ஒரு உதவி. அந்த ஐப்பசிக் கடிதத்தில் க்ஷேமம் சொல்லி முடிக்கிறதுக்கு முன்னால் ஒரு வரி இருக்கு: "வருகிற ... சி மாதம் வந்து சேருவேன்." நடுவில் கம்பி குத்திய ஓட்டை. சுற்றிலும் துருக்கறை. கடைசி எழுத்து "சி" மட்டும் தெளிவாக இருக்கு. மாசியாக இருக்கலாம், அதாவது 1942 பிப்ரவரி மார்ச். வைகாசியாகவும் இருக்கலாம். துருக்கறையோட அகலத்தை அளந்து, அவரோட மத்த எழுத்துகளோட சராசரி அகலத்தை வைத்துக் கணக்குப் போட்டதில் ரெண்டு எழுத்து போயிருக்கணும் என்று வருது. அப்படின்னா வைகாசி. அப்பாயி என் கணக்கைக் கேட்டுச் சிரிக்குது. "மாசிதான்டா. செவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்கு வராம எவன் வைகாசில வருவான்?" என்கிறது.

பழைய கையெழுத்து படித்துப் பழக்கம் இருக்கிறவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்க. ஸ்கேன் அனுப்பறேன்.